வானிலைப் பதிவில் தப்பான அளவு: வெற்றாக்குவதா, நிரப்புவதா, வாசலில் தடுப்பதா?

வீட்டு வானிலை நிலையத்தில் மழைமானியைக் கழுவியதால் பதிவான 18 மி.மீ. "மழை", பேட்டரி தீரும் சென்சார் அனுப்பிய மைனஸ் 40 டிகிரி: இப்படி ஒரு எண் நுழைந்தாலே ஆண்டின் உச்சமும் தாழ்வும் கெட்டுப்போகும். எப்படித் திருத்தலாம் என்பது எந்த அளவு கெட்டது என்பதைப் பொறுத்தது.

வெப்பநிலை, ஈரப்பதம் என்றால் வெற்றாக, அதாவது எண்ணே இல்லாமல், விடுவதே நேர்மை. 5 நிமிடப் பதிவில் இரண்டு மூன்று வரிகள் போனால் நாள் சராசரி பெரிதாக அசையாது. முன்பின் அளவுகளைக் கொண்டு நிரப்பினால் வரைபடம் அறுபடாது, ஆனால் பின்னாளில் அதையும் அளந்த எண்ணென்றே நம்பிவிடுவோம். மெதுவாக மாறும் காற்றழுத்தத்துக்குச் சிறு இடைவெளியில் அதை ஏற்கலாம். காற்று வேகத்துக்குக் கூடவே கூடாது. வெப்பநிலையில் வெற்றுக்குப் பதில் பூஜ்யம் இடுவது எல்லாவற்றிலும் மோசம், அதுவே அன்றைய குறைந்தபட்சமாகிவிடும். மழை மட்டும் விதிவிலக்கு. பெய்யவில்லை என்று உறுதியானால் 0 தான் சரியான அளவு. மழைவீதத்தையும் 0 ஆக்க மறக்கக் கூடாது.

எதில் திருத்துவது? நிலையத்தின் அளவுகளைப் பதியும் மென்பொருள்களில் ஒன்றான கியூமுலஸ் எம்எக்ஸ் தரவை உரைக் கோப்புகளில் வைக்கிறது. அதன் திருத்தும் திரையிலேயே மாற்றலாம், நிரல் தெரிய வேண்டியதில்லை. ஒரே தப்பான எண் மாதப் பதிவு, நாள் பதிவு, சாதனைப் பட்டியல் என மூன்று இடங்களில் இருக்கும், மூன்றையும் தொட வேண்டும். கோப்பை நேரடியாகத் திறப்பதானால் மென்பொருளை முதலில் நிறுத்துங்கள். எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள். தேதி வடிவம் மாறி, கோப்பைப் படிக்கவே முடியாமல் போகலாம்.

அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான வீவெக்ஸ் வழக்கமாக எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தில் எழுதுகிறது. நூற்றுக்கணக்கான வரிகளை ஒரே கட்டளையில் சரிசெய்யலாம், அதே வேகத்தில் கெடுக்கவும் செய்யலாம். பெரும்பாலும் சறுக்குவது அலகில்தான். இயல்பமைப்பில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் சேமிக்கப்படும். செல்சியஸ் என்று எண்ணி "50க்கு மேல் உள்ளதை வெற்றாக்கு" என்றால் 10 டிகிரி செல்சியஸுக்கு மேலான அத்தனையும் போய்விடும். வீவெக்ஸை நிறுத்தி, நகல் எடுத்து, அதே நிபந்தனையில் எத்தனை வரிகள் சிக்குகின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகே மாற்றுங்கள். நேரம் யூனிக்ஸ் நொடிகளில், அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகளில், இருக்கும். வெப்பநிலையை வெற்றாக்கினால் அதிலிருந்து கணக்கிட்ட பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை), வெப்பக் குறியீடு ஆகியவற்றையும் வெற்றாக்க வேண்டும்.

இதோடு முடியாது. நாளின் உச்சமும் தாழ்வும் தனி நாள்சுருக்க அட்டவணைகளில் இருப்பதால், திருத்தியும் பழைய மைனஸ் 40 பக்கத்தில் நிற்கும். சுருக்கத்தை 5 நிமிடப் பதிவுகளிலிருந்து மறுகட்டமைத்தால் மறையும், ஆனால் அதற்கொரு விலை உண்டு. சில நொடிகளுக்கு ஒருமுறை வரும் அளவிலிருந்து பிடித்த உச்சம் போய், 5 நிமிடச் சராசரியில் கண்ட உச்சம் வரும், 34.7 இருந்த இடத்தில் 34.5 நிற்கலாம். ஆகவே முழுத் தரவுத்தளத்தையும் அல்ல, கெட்ட தேதியை மட்டும் மறுகட்டமையுங்கள். பழைய மாத அறிக்கைக் கோப்பையும் அழித்தால்தான் புதிதாக எழுதப்படும்.

வாசலில், அதாவது பதிவாகும் முன்பே, தடுப்பது இந்த வேலையையே மிச்சமாக்கும். வீவெக்ஸின் தரக்கட்டுப்பாடு குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைக்கு வெளியே உள்ளதைத் தள்ளும்; 28 டிகிரி மாலையில் திடீரென வரும் 45 எல்லைக்குள் இருப்பதால் நுழைந்துவிடும். அதற்குக் கியூமுலஸின் திடீர்த் தாவல் வடிகட்டி மேல், அடுத்தடுத்த இரு அளவுகளின் வேறுபாட்டைப் பார்க்கிறது. மிக இறுக்கினால் புயல் காற்றின் உண்மையான வீச்சையும் தள்ளிவிடும். கழுவிய மழைமானியை இரண்டுமே பிடிக்காது, மானிக்குள் நீரை அளக்கும் சிறு வாளி கவிழ்வது ஒவ்வொன்றும் நம்பத்தக்க மழையாகவே தெரியும். கழுவும் முன் சென்சாரின் கம்பியைப் பிடுங்குங்கள், கம்பியில்லா வகையென்றால் பேட்டரியைக் கழற்றுங்கள்.