ஒட்டுநாண் போட்ட தோளோடு மட்டக்களப்பில்

"கைதான் உயருகிறதே தம்பி, இன்னும் என்ன வைத்தியம்?" கல்லடியில் சின்னம்மா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். கனடாவில் பனியில் விழுந்ததில் காறை எலும்பைப் பிடித்துவைக்கும் நார்கள் அறுந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாக என் தொடையின் பின்பக்கத் தசைநாண் ஒன்றை எடுத்து ஒட்டுநாணாகக் கட்டியிருந்தார்கள். தழும்பு காய்ந்துவிட்டது, வலியும் இல்லை.

ஆபத்தே அந்தக் கட்டத்தில்தான். வெட்டி எடுத்த நாணுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. முதல் வாரங்களில் அதன் உயிரணுக்களில் பெரும்பாலானவை மடிய, கொலாஜன் என்னும் புரத இழைகள் மட்டும் மிஞ்சுகின்றன. பிறகு அக்கம்பக்கத்திலிருந்து இரத்தக் குழாய்கள் நுழைந்து, புதிய உயிரணுக்கள் குடியேறி, பழைய இழைகளைக் கரைத்துப் புதிதாக நெய்கின்றன. இந்த இடைக்காலத்தில் நாண், கட்டிய அன்று இருந்ததைவிட வலுக் குறைந்தே இருக்கும். எலும்போடு பற்றிக்கொள்ளவே 6 முதல் 12 வாரங்கள். வலுப்பெற ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல். இதில் பெரும்பகுதி முழங்கால் ஒட்டுநாண்களை ஆராய்ந்து கண்டது என்றாலும் தோளுக்கும் அடிப்படை அதுதான்.

இது புரியாத ஓர் எண்ணெய் வைத்தியசாலையில், பெயர் வேண்டாம், "ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்" என்றார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முறிவு நெரிவு வைத்தியத்தில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் உள்ளே நாண் கட்டிய தோள் அவர்கள் கைக்குரியது அல்ல.

போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) இலவசம். விடுமுறைக்கு வந்தவன் அந்த வரிசையில் ஓர் இடத்தைப் பிடிக்க மனம் வரவில்லை. தனியார் நிலையம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த இளம் பெண் தோளைத் தொடும் முன் அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்கினார். எந்த நாண், எலும்பில் துளையிட்டார்களா, எப்படிப் பொருத்தினார்கள் என்று விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு என்னைப் படுக்கவைத்து, முழங்கைக்குக் கீழே மடித்த துவாய் ஒன்றை வைத்துக் கோணமானியால் அளந்தார்.

"நின்றுகொண்டு செய்தால் கையின் பாரமே கட்டிய நாணைக் கீழே இழுக்கும் அண்ணா. இப்போதைக்குப் படுத்தபடியே செய்யுங்கள். சூட்கேஸ் பக்கமே போக வேண்டாம்."

இப்படி ஒட்டுநாணோடு ஊருக்கு வருபவர்கள் அந்தக் குறிப்பைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்பவர்கள் நிறுத்திவிடுங்கள், நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஆறுவதைத் தாமதமாக்கும். கிளம்பும் முன் அந்தப் பெண் அளவுகளை எல்லாம் எழுதிக் கடிதமாகத் தந்தார். கனடாவில் என் இயன்மருத்துவர் அதைப் படித்துவிட்டு, மறுபடி அளக்காமல் அந்த அளவுகளிலிருந்தே பயிற்சியைத் தொடர்ந்தார்.