வெனிலா வாசம் போகாத பெட்டி: ஃபிளேவர் சிகாரிலிருந்து சாதா சிகாருக்கு, இரண்டு வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஃபிளேவர் சிகார் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இப்ப சாதா சிகாரும் வாங்க ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டையும் ஒரே ஹியூமிடார்ல வைக்கலாமா?" (சுருட்டு காய்ந்துபோகாமல் ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டிதான் ஹியூமிடார்.)

"வைக்காதீங்க" என்று உடனே பதில் போட்டேன். "ஏன்?" என்றார். அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

நானும் வெனிலாவில்தான் தொடங்கினேன். அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். புகையிலைக்குப் பழகாத நாக்குக்கு அது எளிதாக இருந்தது; பெட்டியைத் திறந்ததும் நல்ல வாசனை, உதட்டில் வைத்ததும் இனிப்பு. ஏழெட்டு மாதம் வேறு எதையும் நான் தொடவில்லை.

மாற்றம் ஒரு தவறான வெட்டிலிருந்து வந்தது. ஒரு நாள் சுருட்டின் முனையை வெட்டும் கட்டரை வழக்கத்தைவிட ஆழமாக இறக்கிவிட்டேன். வாயில் வைக்கும் தலைப்பகுதி முழுக்கத் துண்டாகி விழுந்தது, மேலே சுற்றியிருக்கும் ரேப்பர் இலை ஓரத்தில் பிரிய ஆரம்பித்தது. சரி, வீணாக்க வேண்டாம் என்று பற்றவைத்தால் வாயில் இனிப்பே இல்லை. சூடான, காரமான, தட்டையான புகை. அப்போதுதான் புரிந்தது, இத்தனை மாதமும் நான் ரசித்தது உதடு படும் இடத்தில் தடவியிருந்த இனிப்பை. எல்லா ஃபிளேவர் சிகாரும் இப்படி இல்லை. சிலவற்றில் இலையையே வாசனைப் பொருட்களோடு மூடி வைத்து வாசம் ஏற்றுவார்கள். ஆனால் நான் பிடித்துக்கொண்டிருந்தது மேல்பூச்சு வகை. அந்தப் பூச்சை எடுத்துவிட்டால் கீழே இருந்த புகையிலையில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் சாதா சிகார் பக்கம் வந்தேன். முதல் முறை படுமோசம். வெளுத்த நிறம் என்றால் மென்மை, கறுத்த நிறம் என்றால் காட்டம் என்று நினைத்து வெளிர்பழுப்பு ஒன்றை எடுத்தேன். ரேப்பர் எப்படி வளர்ந்தது, எவ்வளவு காலம் நொதித்தது என்பதை நிறம் ஓரளவு சொல்லும். ஆனால் காட்டம் பெரும்பாலும் உள்ளே சுருட்டியிருக்கும் ஃபில்லரில் இருக்கிறது. செடியின் உச்சியில், நல்ல வெயிலில் முற்றும் இலைக்கு லிஹேரோ என்று பெயர். அதில் நிகோடின் அதிகம். மெதுவாக எரியும் என்பதால் அதை நடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். நான் எடுத்த வெளிர்பழுப்புக்குள் அது தாராளமாக இருந்திருக்கிறது. போதாததற்கு வெனிலா பழக்கத்தில் கால் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. பாதி தாண்டும் முன்பே நெற்றி வியர்த்து, வயிற்றைப் புரட்டி, தரையில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரையை வாயில் போட்டு அரை மணி நேரம் கண்ணை மூடிக்கிடந்த பிறகே தெளிந்தது. புகையை உள்ளே இழுக்கவில்லையே, பிறகு எப்படி என்று கேட்கலாம். சிகார் புகை காரத்தன்மை கொண்டது. வாயின் உட்சதை வழியாகவே நிகோடின் ரத்தத்தில் ஏறிவிடும்.

மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்தது. இந்த முறை விசாரித்து, கனெக்டிகட் ஷேட் ரேப்பரும் மென்மையான ஃபில்லரும் கொண்ட ரோபஸ்டோ அளவுச் சுருட்டு ஒன்றை எடுத்தேன். 5 அங்குல நீளம், ரிங் 50, அதாவது ஓர் அங்குலத்தில் 64-இல் 50 பங்கு விட்டம். அந்த ரேப்பர் இலையை அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்ப்பார்கள். எக்குவடாரில் மேகமே பந்தல் வேலையைச் செய்துவிடும். நிழலில் வளர்வதால் இலை மெல்லியதாக, பட்டுப்போல் இருக்கும்.

தலையில் நூலிழை அளவுக்குத்தான் வெட்டினேன். பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பார்த்தால் காய்ந்த வைக்கோல் வாசம். தீயை நுனியில் முட்டவிடாமல் கொஞ்சம் கீழே பிடித்து, சுருட்டைத் திருப்பித் திருப்பி விளிம்பு முழுக்கச் சிவக்கும்வரை காத்திருந்தேன். நிமிடத்துக்கு ஒரே இழுப்பு என்று கடிகாரத்தைப் பார்த்துப் பிடித்தேன். முதல் கால் மணி நேரம் ஏமாற்றம்தான், வெறும் புகை. எழுந்து அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சாம்பல் ஓர் அங்குலம் வெளுத்து உதிராமல் நின்றது. அதைப் பார்த்தபடி வாயிலிருந்த புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக மெதுவாக விட்டேன். உடனே வறுத்த பாதாம். அதன் பின்னால் மிளகின் மெல்லிய சுரீர். கடைசியில் பாலேடு போல ஒரு வழவழப்பு. யாரும் எதையும் தடவாத, எதிலும் ஊறவைக்காத வெறும் இலையிலிருந்து இத்தனை வருகிறதே என்று அசந்துபோனேன். சுருட்டின் நடுப்பகுதிக்கு வந்ததும் சுவை இன்னொரு முறை மாறி, மர வாசம் மேலே வந்தது. வெனிலா சிகாரில் முதல் இழுப்பும் கடைசி இழுப்பும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன. இந்த ஒரு காரணத்துக்காகவே மாறியது சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

என் ஹியூமிடார் 50 சுருட்டு கொள்ளும் மரப்பெட்டி. உள்ளே ஸ்பானிஷ் சிடார் பலகை. பெயர்தான் அப்படி, ஸ்பெயின் மரமும் அல்ல, சிடாரும் அல்ல. அமெரிக்க வெப்பமண்டலத்து மரம், நம் வேம்பு இருக்கும் அதே தாவரக் குடும்பம். ஈரத்தை வாங்கி வைத்து மெதுவாகத் திருப்பித் தரும், சுருட்டுக்குத் தன் வாசத்தையும் கொஞ்சம் கொடுக்கும். அதற்காகவே அதைப் போடுகிறார்கள். ஈரத்தை வாங்கும் மரம் வாசத்தையும் வாங்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரே பெட்டியில் வைக்கலாமா என்று விற்றவரிடம் கேட்டேன். "நடுவில் தடுப்புப் பலகை இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்றார். நம்பினேன். பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுவது ஒரே காற்று. இதை அவர் சொல்லியிருக்க வேண்டும். தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆறு மாதம் ஓய்வில் வைத்திருந்த மூன்று சாதா சிகார்களில் ஒன்றை ஒரு நல்ல நாளில் எடுத்துப் பற்றவைத்தேன். வெனிலா. மூக்கு வழியாக விட்டாலும் வெனிலா. அடுத்த இரண்டும் அப்படியே. காத்திருந்த ஆறு மாதமும் போயிற்று.

ஃபிளேவர் சுருட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தே இரண்டு வாரம் வைத்தேன். சமையல் சோடா ஒரு கிண்ணம், கரித்துண்டு ஒரு கிண்ணம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். கடைசியாக உட்பலகையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். நாலு நாள் புதுமர வாசம் வந்தது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டியதும் வெனிலா மறுபடி மேலே வந்துவிட்டது. மரம் ஈரமாகும்போதெல்லாம் உள்ளே குடித்ததை வெளியே விடுகிறது, வேறொன்றுமில்லை. இது நடந்து ஒரு வருடமாகிறது. இப்போதும் மூடியைத் திறந்தால் முதலில் வருவது அதுதான்.

பெட்டிக்கு நியாயமும் செய்யவேண்டும். மூடி கச்சிதம், காற்று கசியாது, கீல் ஒருமுறைகூட ஆடவில்லை. ஈரப்பதம் நாள்கணக்கில் நகராமல் நிற்கும். கூட வந்த, ஈரப்பதம் காட்டும் ஈரமானிதான் சரியில்லை. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறுபோல நனையும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப்புகாத பையில் ஒரு நாள் வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. அதை நம்பி ஈரத்தைக் கூட்டிக்கொண்டே போனதில் நாலைந்து சுருட்டு உப்பி, இழுக்கவே முடியாமல் போயின. யார் வாங்கினாலும் இந்த உப்புச் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இப்போது நான் சாதா சிகார்களை ரப்பர் விளிம்புள்ள சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறேன். 65 சதவீத ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, சிடார் தகடு இரண்டு, அவ்வளவுதான். பார்க்க அழகில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு குறை வந்ததில்லை.

நண்பருக்கு என் பதில் இதுதான். சாதா சிகாருக்கு மாறுங்கள், ஆனால் முதல் சுருட்டை வாங்கும் முன் தனி டப்பா வாங்குங்கள். அது முடியாது என்றால் வெனிலாவிலேயே இருங்கள். இரண்டையும் கலந்து இரண்டையும் கெடுக்காதீர்கள். இதுவரை சிகாரைத் தொடாதவர் யாராவது இதைப் படித்தால், தொடங்கவே வேண்டாம் என்பேன். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று, தொண்டைப்புற்று அபாயம் உண்டு. வெனிலா அதில் எதையும் குறைக்காது. இனிப்பாக இருப்பதால் அடுத்ததை எடுக்க வைக்கும், அவ்வளவுதான். நான் மாதம் இரண்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். அதையும் நல்ல பழக்கம் என்று சொல்லமாட்டேன்.

மரப்பெட்டியை விற்கவில்லை. வெனிலா வாசத்தோடு அதை இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. மிச்சமிருந்த நாலு வெனிலா சுருட்டுகளையும் அதற்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன். 50 சுருட்டு கொள்ளும் பெட்டியில் இப்போது அந்த நாலுதான் கிடக்கின்றன.