மெயிலைத் திறந்ததும் சைரன் அலறினால், திரையில் உள்ள நம்பருக்குப் போன் போடாதீர்கள்

கூரியர் ரசீது, கட்டண பாக்கி என்று ஒரு மெயில். லிங்க்கையோ உடன் வந்த எச்டிஎம்எல் ஃபைலையோ தட்டியதும் திரை முழுக்க எச்சரிக்கை, காது கிழியும் சைரன், "கணினி முடக்கப்பட்டது, மைக்ரோசாஃப்ட் உதவி மையத்தை உடனே அழைக்கவும்" என்று ஒரு நம்பர். மவுஸ் அம்புக்குறியையும் காணோம். இந்தப் பதற்றத்தில் போன் போட்டவர்களின் வங்கிக் கணக்குதான் காலியாகிறது.

திரையில் இருப்பது வெறும் வலைப்பக்கம். பிரவுசரை முழுத்திரையாக்கி, அம்புக்குறியை மறைத்து, ஒலியை ஓடவிட்டிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. நம்பரைப் பார்த்தாலே மோசடி என்று முடிவுகட்டலாம்.

எஸ்கேப் விசையை இரண்டு மூன்று விநாடி விடாமல் அழுத்துங்கள். முழுத்திரை விலகியதும் அந்த டேபை மூடுங்கள். விலகவில்லையென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்கும். மீட்டால் அதே சைரன்தான். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஏதாவது பிடித்திருந்தால் அங்கே பதிவாகியிருக்கும்.

போன் போட்டால் என்ன நடக்கும்? மறுமுனையில் பொறுமையான குரல் எனிடெஸ்க் போன்ற ஒன்றை, அதாவது தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் மென்பொருளை, இறக்கச் சொல்லும். அது முறையான மென்பொருள்தான். ஆனால் அதன் எண்ணைச் சொல்லி அனுமதி கொடுத்தால் கணினி அவர் கைக்குப் போய்விடும். அடுத்து விண்டோஸின் பதிவேடான 'ஈவென்ட் வியூவர்' திறந்து சிவப்பும் மஞ்சளுமான வரிகளைக் காட்டுவார். நன்றாக ஓடும் கணினியிலும் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் 'நெட்ஸ்டாட்' என்று அடிப்பார். கணினியின் இணைய இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை அது. 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பின் கீழ் வரிசையாக எண்கள் வரும். "பாருங்கள், வெளிநாட்டு ஹேக்கர்கள்" என்பார். ஃபாரின் என்றால் அங்கே மறுமுனைக் கணினி என்றுதான் பொருள். நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஜிமெயிலும் அதில் ஒரு வரி. ஆங்கிலம் தெரிந்தவர்களே இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். பிறகு 'சரிபார்க்க' நெட்பேங்கிங்கில் நுழையச் சொல்வார், அல்லது கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்வார்.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டீர்களா? வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். முதலில் வைஃபையை அணையுங்கள் அல்லது கேபிளைப் பிடுங்குங்கள். உங்கள் போனிலிருந்து வங்கியை அழைத்து, அதாவது ஏடிஎம் கார்டின் பின்புறம் உள்ள எண்ணில், கணக்கை முடக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் புகார் போனால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு. அப்புறம் வேறு சாதனத்திலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். பலரும் மறப்பது ஒன்று: ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்ஸ்' இரண்டையும் திறந்து பாருங்கள். நீங்கள் வைக்காத முகவரி அங்கே இருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் மெயில்கள் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பக்கத்தை மூடியும் திரை மூலையில் 'ஆன்டிவைரஸ் காலாவதி' என்று கட்டங்கள் முளைத்தால், எங்கோ 'நான் ரோபோ இல்லை' என்று நம்பி 'அலவ்' அழுத்தி, ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். அதோடு நின்றுவிடும்.