ஹெரால்டு, வெயில், எத்தனால்: ஒரு நெடுநாள் உரிமையாளரின் அனுபவம்

பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் மாற்றி, பம்பில் பெட்ரோலை உறிஞ்சும் சவ்வான டயாஃப்ரத்தைப் புதிதாகப் போட்டு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, டேங்கின் அடியில் படிந்திருந்த துருவையும் சுத்தம் செய்த பிறகு, என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறது. 948 சிசி எஞ்சின், நான்கு கியர், முன்பக்கமாக மொத்தமும் சாய்ந்து திறக்கும் பானெட் ஆகியவற்றைப் பற்றிப் பழைய கார் ஆர்வலர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதித்துவரும் ஒரே ஒரு தொல்லையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். சூடான எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு காபி குடிக்கும் நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

மெக்கானிக்குகள் இதை வேப்பர் லாக் என்பார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ரேடியேட்டர் வழியாக வரும் காற்று பானெட்டுக்குள் சூட்டைத் தங்கவிடுவதில்லை. நிறுத்திய பிறகுதான் எஞ்சினின் சூடு மேலே எழும்பிச் சுற்றியுள்ள அனைத்தையும் பற்றிக்கொள்கிறது. ஹெரால்டில் கார்புரேட்டர், எஞ்சினின் சூடான புகையை வெளியேற்றும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பெட்ரோல் பம்பு எஞ்சின் பிளாக்கிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே குழாயில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. டயாஃப்ரம் பம்பு திரவத்தை இழுக்குமே தவிர ஆவியை இழுக்காது. பிறகு பானெட்டைத் திறந்து, குழாயின்மீதும் பம்பின்மீதும் ஈரத்துணியைச் சுற்றி, பம்பின் அடியில் உள்ள சிறு லீவரைக் கையால் தட்டித் தட்டிப் பெட்ரோலை ஏற்றவேண்டும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையில் அணையைப் பார்ப்பதற்காக வண்டியை நிறுத்தாதவர் யாரும் இல்லை. கியர்ப் பற்களை உரசாமல் சேர்க்கும் சின்க்ரோமெஷ் முதல் கியரில் இல்லாத காரணத்தால், ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை இரண்டுமுறை மிதித்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தூண்டி, கியரைப் பல் படாமல் இறக்கி, அத்தனை கவனத்தோடு ஏற்றிக் கொண்டுபோன வண்டி, அந்த இடத்தில் நின்றால் நின்றதுதான். குடும்பத்தோடு வந்தவர்கள் தள்ளிவிட முன்வருவார்கள். தள்ளுவதால் பயனில்லை என்று அவர்களிடம் விளக்கிச் சொல்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும், அதுவும் கிளம்பிவிடும்.

இதில் காரை வடிவமைத்தவர்கள்மீது எனக்குக் குறையில்லை. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் உருவான கார் இது. குளிர் நாட்டுக்கும் எத்தனால் கலவாத பெட்ரோலுக்குமாக அமைத்த குழாய் வழியிடம், சித்திரை மாதத்துப் பல்லடம் சாலையின் அனலைத் தாங்கிக்கொள் என்று கேட்பது நியாயமாகாது. நான் வாங்கிய காலத்தில் இந்தத் தொல்லை கோடைக்கு மட்டும் உரியதாக இருந்தது. மார்கழியிலும் தை மாதத்திலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடியிலும் என் ஹெரால்டு ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. இப்போது ஆண்டு முழுவதும் பிடிக்கிறது. காரணம் பெட்ரோல்.

2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் சில பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது, 2025-க்குள் நாடு முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே மைலேஜ் சற்றுக் குறைவது இயற்கை, அதை நான் பொருட்படுத்தவில்லை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்டோடு (சிறு துளையோடு) ஓடும் கார்புரேட்டரில் கலவை மெலிந்து, எஞ்சின் கூடுதலாகச் சூடேறுகிறது. பெட்ரோலும் எத்தனாலும் தனித்தனியாக இருக்கும்போது ஆவியாவதைவிட, இந்த விகிதத்தில் கலந்திருக்கும்போது எளிதாக ஆவியாகின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் இரும்பு டேங்கு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை ரப்பருக்கு நேர்வது.

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் எனக்கு வேலை பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக் பெரியவர், பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடியில் மிளகுத்தூள் அளவில் கருப்புத் துகள்கள் கிடந்தன. குழாயை வெளியே பார்த்தால் ஒரு வெடிப்பும் இல்லை, பளபளப்புக்கூட மாறவில்லை. அவர் பிளேடால் நீளவாக்கில் கீறி விரித்தபோது, உட்சுவர் ஊறவைத்த புளியைப் போல விரலோடு வந்தது. அந்தக் குழாய் பழையதும் அல்ல, முந்தைய பழுதின்போது ஒரு கடையில் நல்ல தரம் என்று சொல்லி விற்றதுதான். எரிகிற எஞ்சினுக்கு அரை அடி தள்ளி இப்படி ஒரு குழாயை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஊட்டி மலை ஏறியிருக்கிறேன் என்பதை நினைத்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. புது வண்டிகளுக்கு ஏற்ற எரிபொருளைக் கொண்டுவருவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் கேட்டு வாங்கும்படி, எத்தனால் கலக்காத சாதாரணப் பெட்ரோலை மாவட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது வைத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த வாதத்தை நான் ஓயாமல் நடத்துவது எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில். கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு நண்பரின் தென்னந்தோப்பில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களான எம்ஜிபி ஒன்று, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று, என் ஹெரால்டு ஆகிய மூன்றும் வரிசையாக நிற்கும். வந்தவுடன் சாவிகள் அனைத்தும் தோட்டத்து மேலாளரிடம் போய்விடும். ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பைக் கணக்குப் பார்த்துக் குடிப்பவர்கள் நாங்கள் இல்லை. இரவு அங்கேயே தங்கி, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். தேங்காய்ப் பல்லும் வரமிளகாயும் போட்ட பள்ளிபாளையம் சிக்கன் ஒரு தட்டில் இருக்கும். ஆளுக்கு ஓர் அளவு மால்ட் விஸ்கி, அதில் சில சொட்டுச் சிறுவாணித் தண்ணீர். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் விஸ்கியின் மணம் விரிந்து எழும்பும் என்பது உலகெங்கும் உள்ள நம்பிக்கை. சிறுவாணித் தண்ணீரே வேண்டும் என்பது கோயம்புத்தூர்க்காரரின் உரிமை.

எம்ஜிபி நண்பர் விஸ்கியில் விவரம் தெரிந்தவர். ஸ்காட்லாந்தில் மரப்பீப்பாயில் ஊறும் விஸ்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போகும் என்றும், பெங்களூரில் அதே இழப்பு 10 முதல் 12 சதவீதம்வரை போகும் என்றும், அந்த வெப்பத்தால்தான் அம்ருத் போன்ற நம் மால்ட்டுகள் நான்கைந்து ஆண்டுகளிலேயே அங்கே பன்னிரண்டு ஆண்டு ஊறியவற்றுக்கு நிகரான முதிர்ச்சியைப் பெறுகின்றன என்றும் அவர் சொல்வார். 2004-இல் அம்ருத்தை முதன்முதலாகக் கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் விற்பனைக்கு வைத்த துணிச்சலை அவர் விவரிக்கும்போது, நம் வெயிலின்மீது எங்கள் எல்லோருக்கும் ஒரு பெருமிதம் வந்துவிடும். கண்ணாடிக் குவளையில் அந்த வெயிலின் பலனை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். என் பானெட்டுக்குள் அதே வெயில் செய்யும் வேலையைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கூட்டத்தில் இன்னொருவர் பவானிக்கு அந்தப் பக்கம் கரும்பு வைத்திருக்கிறார். எத்தனாலைப் பற்றி நான் ஆரம்பித்தால் அவர் விடமாட்டார். "ஏனுங்க, எங்க கரும்புக்கு நேரத்துக்குப் பணம் வருதுன்னா அது இந்த எத்தனாலாலதானுங்க. உங்க வண்டிக்கு ரெண்டு முழம் ரப்பர் குழாய் போறதுக்கு இத்தனை கூப்பாடா?" என்று கேட்டார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சர்க்கரை விற்காமல் தேங்கிய ஆண்டுகளில் ஆலைகள் விவசாயிக்குப் பாக்கி வைத்த கதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாததல்ல. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸையும் கரும்புச்சாற்றையும் எத்தனாலாக்கி விற்கும் வழி திறந்த பிறகு ஆலைகளின் கைக்குப் பணம் வந்தது. ஆனாலும் அவருடைய கரும்புக்கு விலை கிடைப்பதும் என் வண்டிக்குப் பொருத்தமான பெட்ரோல் கிடைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று அன்று இரவு வெகுநேரம் பேசினேன். அவர் இறங்கிவரவில்லை, நானும் இறங்கிவரவில்லை.

பொறியியலில் நியாயமான பதில் எம்ஜிபியிடம் இருக்கிறது. 1962-இல் வந்த அந்தக் காரில் மின்சாரப் பெட்ரோல் பம்பு பின்சக்கரத்தின் அருகே, எஞ்சின் சூட்டுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் டிக் டிக் என்று அடித்து, பெட்ரோலைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. என் பம்போ முன்னாலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்த இடத்தில் திரவம் சீக்கிரம் ஆவியாகும். தள்ளும் குழாயில் அந்த ஆபத்து குறைவு. நாட்டுக்கே மோட்டார் பம்பு செய்து அனுப்பும் ஊரில் வாழ்கிறவனுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஹெரால்டிலும் பின்னால் ஒரு மின் பம்பைப் பொருத்தலாம். ஆனால் குறைந்த அழுத்தத்தில் தள்ளுவதாகப் பார்த்து வாங்கவேண்டும், இல்லையென்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் ஊசி வால்வை மீறிக் கார்புரேட்டர் வழிந்துவிடும். பெரியவர் இதைத்தான் பரிந்துரைக்கிறார். எஞ்சினோடு பிறந்த பம்பைக் கழற்றி அந்தத் துளையை ஒரு தகட்டால் மூட எனக்கு மனம் வரவில்லை என்பதால், இப்போதைக்கு எத்தனாலைத் தாங்கும் வைட்டான் என்ற செயற்கை ரப்பர் குழாய், சற்றுப் பெரிய மெயின் ஜெட், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு ஆகியவற்றோடு நிறுத்தியிருக்கிறேன். குறை பாதியாகியிருக்கிறது, தீரவில்லை.

இனி நல்லதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் காரின் திரும்பும் வட்டம் 25 அடி. பெரியகடை வீதியில் எதிரே சரக்கு ஆட்டோ வந்து நின்றால், மற்றவர்கள் முன்னும் பின்னுமாக நகர்த்தித் தவிக்கும் இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடும். பானெட்டின் இரு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து முன்னால் சாய்த்துவிட்டால், முன்சக்கரத்தின்மீதே உட்கார்ந்துகொண்டு எஞ்சினின் எந்த மூலையையும் தொடலாம். முதுகு வளையாமல் வேலை செய்ய இடம் கொடுக்கும் இப்படி ஒரு காரை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் வரிசையில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் ஸ்பிட்ஃபயருக்குத்தான் கிடைக்கிறது, ஆனால் 1962-இல் வந்த அதன் சேசிஸ் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி அமைத்தது. அதே முன் சஸ்பென்ஷன், அதே துல்லியமான ஸ்டியரிங். ஆனைகட்டிச் சாலையில் விடியற்காலையில் ஹெரால்டை ஓட்டிப் பார்த்தவர் அதைக் குடும்பக் கார் என்று சொல்லமாட்டார். வளைவின் நடுவில் மட்டும் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கக் கூடாது. பின்சக்கரங்கள் உள்வாங்கி வண்டி வழுக்கும். அந்தப் பழக்கம் ஸ்பிட்ஃபயருக்கும் உண்டு.

உதிரி பாகங்களைப் பொறுத்தவரை பெரிய கவலை வேண்டாம். கிடைக்காததை வார்ப்படம் போட்டு, லேத்தில் கடைந்து தரும் கைகள் இங்கே இருக்கின்றன. பதிவைப் பொறுத்தவரை, 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-இல் வந்த விதியின்படி வின்டேஜ் பதிவு பெற்று, விஏ வரிசை எண் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி. ஆனால் அந்தப் பதிவில் காரை அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதியில்லை. ஓட்டுவதற்காகவே கார் வைத்திருப்பவர் இதை யோசித்துச் செய்யவேண்டும்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது பொள்ளாச்சி நண்பர் ஒருவரின் கேள்வி. கோபியில் நல்ல நிலையில் ஒரு ஹெரால்டு விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வாங்க வேண்டாம். விற்பவர் குழாயும் டயாஃப்ரமும் டேங்கும் புதிதாகப் போட்டுத் தந்தாலும் வேண்டாம். கோடையில் காரை நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும், திரும்பக் கிளம்புமா என்ற எண்ணத்தோடு கதவைச் சாத்துவது ஒரு வாழ்க்கை அல்ல. அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பின்னால் பம்பு உள்ள ஒரு வண்டியைத் தேடுங்கள், கிடைக்கும்வரை சனிக்கிழமை தோப்புக்கு வந்து எங்கள் வண்டிகளை ஓட்டிப் பாருங்கள். கோபி வண்டிக்குப் பதிலாக என்னுடையதைக் கொடுக்கமுடியுமா என்று இரண்டாவதாகவும் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கொடுக்கமாட்டேன். அடுத்த மாதம் அதற்கு ஹூட் லைனிங் மாற்றத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.