மாத்திரையே வேண்டாம் என்றார்கள். இரண்டு மாதச் சம்பளம் போயிற்று

இணையத்தில் எனக்கு மூலிகை விற்றவர்கள் என் கைப்பேசி எண்ணை முடக்கிவிட்டார்கள் என்பது நேற்று இரவுதான் உறுதியானது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அக்கி வந்து, கொப்புளம் காய்ந்து, தோலும் ஆறிவிட்டது. விலாவில் எரிச்சல் மட்டும் போகவில்லை. நான்கு மாதம். பனியனின் தையல் உரசினாலே சூடு போட்டதுபோல் துடிப்பேன். பாராசிட்டமாலுக்கு அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அக்கி ஆறி மூன்று மாதம் தாண்டியும் நிற்கும் வலி, நரம்பே சேதமானதால் வருவது என்று விளக்கிய மருத்துவர், கபாபென்டின் 300 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். முதலில் இரவில் ஒன்று, பிறகு படிப்படியாக மூன்று வேளை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை.

வீட்டில் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தால் 'வலிப்பு நோய்க்கான மருந்து' என்றிருந்தது. தூக்கக் கலக்கம், தலைசுற்றல், கால் வீக்கம் என்று பட்டியல் வேறு. எனக்கு எதற்கு வலிப்பு மருந்து? (அமெரிக்காவில் 1993இல் வலிப்புக்கு அனுமதிக்கப்பட்ட இந்த மருந்துக்கு, 2002இல் அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலிக்கும் அனுமதி கிடைத்தது என்பதை ஏமாந்த பிறகுதான் படித்தேன்.) அரைமனதோடு மூன்று வாரம் விழுங்கினேன். பகலெல்லாம் தலை கிறுகிறுத்தது; எரிச்சல் கொஞ்சம்தான் தணிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு விளம்பரம்: 'மாத்திரை இன்றி நரம்பு வலியிலிருந்து விடுதலை.' இணையத்தில் மூலிகை விற்கும் தளம். எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடம் ஒரு பெண் அழைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "சட்டை பட்டால்கூட எரிகிறதா சார்?" என்பதுதான். நான்கு மாதத்தில் என் வீட்டார்கூடக் கேட்காத கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் விழுந்த இடம் அதுதான். மூன்றாவது அழைப்பில் சார் அண்ணாவாகிவிட்டேன். "அந்த மாத்திரை மூளையை மழுங்கடிக்கும் அண்ணா, இன்றே நிறுத்துங்கள்" என்றார். காப்ஸ்யூலும் ஒரு சிறு அதிர்வுக் கருவியும் சேர்ந்த மூன்று மாதப் பொதிக்கு என் இரண்டு மாதச் சம்பளத்தை ஒரே தவணையில் கட்டினேன்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்திய மூன்றாம் நாள் இரவு வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, கண்ணை மூட முடியவில்லை. எரிச்சல் பழைய வேகத்தில் திரும்பியது. அழைத்தேன். "கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றார். மறுவாரம், "எங்கள் நிபுணர் பேசுவார்." நிபுணர் இன்றுவரை பேசவில்லை. காப்ஸ்யூல் குப்பியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. பணத்தைக் கேட்டதும் அண்ணா மறுபடி சார் ஆனேன். பிறகு 'மதிப்புமிக்க வாடிக்கையாளரே' ஆனேன். முத்திரை உடைத்த பொருளைத் திரும்பப் பெற இயலாதாம். உடைக்காமல் எப்படி விழுங்குவதாம்? தளத்தில் எழுதிய விமர்சனம் ஒரு மணி நேரத்தில் காணாமல்போனது. இரண்டு மாதச் சம்பளம்!

மருத்துவரிடம் போய்த் தலைகுனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்றார். எல்லோருக்கும் இது பலன் தராது, வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன் என்றும், இது சரிவராவிட்டால் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் என்ற மருந்துகள், தோலில் ஒட்டும் லிடோகெயின் பட்டை என்று வேறு வழிகள் உண்டு என்றும் சொன்னார். இதையெல்லாம் முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. பயம் இருந்தால் எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்லிவிடுங்கள், அளவைக் குறைப்பார்கள். உட்பொருள் அச்சிடாத குப்பியை வாங்காதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள்.

நேற்றிலிருந்து மறுபடி இரவில் ஒரு 300. இன்று காலை புதிய எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'அண்ணா, இரண்டாம் பொதிக்குச் சலுகை.'