எம்.எட். என்று சொல்லி 62,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்கள் கவனத்துக்கு

62,000 ரூபாய். தனியார் மெட்ரிக் பள்ளியில் மாதம் 14,000 சம்பளம் வாங்கும் எனக்கு அது நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். பள்ளி வேலையை விடாமலேயே எம்.எட். (பி.எட்.டுக்கு மேல் படிக்கும் முதுகலைப் பட்டம்) முடிக்கலாம் என்று சொல்லி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, எம்.எட்.டே இல்லாத வேறு ஒரு படிப்பில் என் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இன்று சாயங்காலம்தான் அங்கே போய்க் கேட்டுவிட்டு, வாசலில் நிற்க வைத்து அனுப்பப்பட்டு வீட்டுக்கு வந்தேன். கோபம் ஆறிய பிறகு எழுது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஜனவரி சேர்க்கை நடக்கிற நேரம் இது. நான் ஆறி எழுதுவதற்குள் இன்னும் எத்தனை டீச்சர்கள் நகையை அடகு வைத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறுவார்களோ.

காவல் நிலையத்தில் மனு கொடுத்திருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தர்மபுரி டவுனுக்குள் இருக்கும் ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி என்று மட்டும் சொல்கிறேன். "எல்லாப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கும் சேர்க்கை நடைபெறுகிறது" என்று போர்டு வைத்து, பத்தாவது ஃபெயில் ஆனவரிலிருந்து பிஎச்.டி. வரைக்கும் ஒரே மேஜையில் பேசி முடிக்கிற வகை. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இந்த வகை ஆபீஸ்கள் இருக்கின்றன.

நான் எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்தவள். பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பித்தல் பாடத்துக்கு விரிவுரையாளராகப் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. அதற்குக் கணிதத்தில் முதுகலையும் வேண்டும், எம்.எட்.டும் வேண்டும், இரண்டிலும் 55 சதவீதம் வேண்டும் என்று, ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான என்சிடிஇயின் 2014 ஒழுங்குமுறை சொல்கிறது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். "டீச்சரே இப்படி ஏமாறலாமா?" என்று இன்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்க வேண்டியதை எல்லாம் நான் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவன் இருக்கும்போது என்னைக் கேட்டு என்ன பயன்?

முதல் நாள் அங்கே நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். மேலாளர் என்று சொல்லிக்கொண்டவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். பாலக்கோடு பக்கம் என்றதும், "அட, எங்க அம்மா ஊர் காரிமங்கலங்க டீச்சர், நம்ம பக்கம்தான்" என்றார். எந்தப் பள்ளி, சம்பளம் எவ்வளவு, குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார். பிறகு நான் கேட்டேன்: "எம்.எட். ரெகுலர் படிப்பாச்சே, வேலைக்குப் போய்க்கிட்டே எப்படிப் படிக்க முடியும்?" ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வேலையில இருக்கிற டீச்சர்களுக்குன்னு தனி பேட்ச் இருக்குங்க. சனி, ஞாயிறு சேலத்துல வகுப்பு. அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்" என்றார். என்சிடிஇ அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, லேமினேட் செய்த ஒரு உத்தரவு நகலை எடுத்து மேஜையில் வைத்தார். மேலே இருந்த முத்திரையையும் தேதியையும் காட்டினார். பாடத்தின் பெயர் இருக்கும் வரியின் மேல் அவர் இடது கை இருந்தது. பேசி முடித்து அந்தத் தாளைத் திரும்ப டிராயரில் வைக்கும் வரை அந்தக் கை நகரவில்லை.

அதைவிட என்னை நம்ப வைத்தது வேறு. முழுப் பணத்தையும் கட்டச் சொல்லவில்லை. "12,000 மட்டும் கட்டுங்க டீச்சர். சேர்க்கை எண் உங்க போனுக்கு வந்த அப்புறம் மீதியைக் கொடுங்க. எண் வரலைன்னா ஒரு ரூபாகூட வேண்டாம்" என்றார். ஏமாற்றுகிறவன் இப்படிப் பேசுவானா என்று யாருக்கும் தோன்றும். சொன்ன மாதிரியே எண்ணும் வந்தது. சங்கிலியை வைத்து நகைக்கடன் வாங்கி, 50,000 ரூபாயை அன்றைக்கே அனுப்பினேன். மொத்தம் 62,000.

இடையில் ஒரு நாள், நான் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், ஒரு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க, 12 மணிக்கு லிங்க் மூடிடுவாங்க." வராந்தாவில் நின்று சொன்னேன். அது எதற்கான ஓடிபி என்பது இந்த வாரம்தான் தெரிந்தது. தொலைதூரப் படிப்பிலும் ஆன்லைன் படிப்பிலும் சேருகிறவர்களுக்கு 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து டெப் ஐடி என்று ஒரு மாணவர் எண்ணைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கட்டாயமாக்கியிருக்கிறது. மாணவரே தன் ஆதாரை வைத்து யுஜிசி தளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டியது. என் ஆதாரை வைத்து அவர்களே எடுத்து, என்னைத் தொலைதூரப் படிப்பில் தள்ளியிருக்கிறார்கள். எம்.எட்.டுக்கு டெப் ஐடியே தேவையில்லை, ஏனென்றால் எம்.எட். தொலைதூரப் படிப்பே இல்லை.

வகுப்பு அக்டோபரில் ஆரம்பிக்கும் என்றார்கள். பிறகு தீபாவளி கழித்து என்றார்கள். பிறகு அரையாண்டுத் தேர்வு முடியட்டும், உங்களுக்கும் வசதி என்றார்கள். பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் பாடப் புத்தகங்கள், கூடவே அடையாள அட்டை. அட்டையில் என் படம், என் பெயர், அதற்குக் கீழே எம்.ஏ. கல்வியியல், தொலைதூரக் கல்வி. பல்கலைக்கழகம் வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில்.

எம்.ஏ. கல்வியியல் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோகூட அதை நடத்துகிறது. ஆசையோடு படிக்கிறவர்களுக்கு நல்ல படிப்புதான். ஆனால் அது எம்.எட். ஆகாது. எம்.எட். என்சிடிஇ அங்கீகாரத்தில் நடக்கும் தொழிற்படிப்பு. அதே 2014 ஒழுங்குமுறைப்படி இரண்டு வருடம், வருடத்துக்கு 200 வேலைநாள், தியரிக்கு 80 சதவீத வருகைப்பதிவு, களப்பணிக்கு 90. சனி, ஞாயிறு வகுப்பு நடத்தி இதை முடிக்க வழியே கிடையாது. எனக்கு வேண்டிய வேலைக்குக் கேட்பது இந்த எம்.எட்.டைத்தான்.

போன் செய்தேன். முதலில், "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், பேரு மட்டும்தான் வேற." ஒரு கணித ஆசிரியையிடம் இதைச் சொல்கிறார்கள்! ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றதும், "யுனிவர்சிட்டி தப்பா என்ட்ரி போட்டுட்டாங்க, சர்வர் வேலை செய்யலை, திங்கட்கிழமை மாத்திடுவாங்க" என்றார்கள். திங்கட்கிழமை சார் மீட்டிங்கில் இருந்தார். அப்புறம் சேலம் ஹெட் ஆபீஸ் என்று ஒரு எண் கொடுத்தார்கள். அங்கே எடுத்த அம்மா, "தர்மபுரி தனி ஃபிரான்சைஸ்ங்க, அவங்க வாங்கின பணத்துக்கு நாங்க பொறுப்பில்லை" என்று வைத்துவிட்டார். பணம் கட்டியவர்களை அவர்கள் சேர்த்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். அந்தக் குழுவில் நம் மாவட்டத்து ஆசிரியைகள் நிறையப் பேர் இருந்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பல்கலைக்கழக எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அரைகுறை இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசித் தெரிந்துகொண்டது: என் பேரில் கட்டியிருப்பது எம்.ஏ. முதல் வருடக் கட்டணம் 8,400 ரூபாய் மட்டும். தமிழ்நாட்டில் தங்களுக்கு எந்த மையமும் இல்லை என்றும் சொன்னார்கள். 62,000 கொடுத்தேன், 8,400 போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதி 53,600 எங்கே?

இதைத்தான் இன்று நேரில் போய்க் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள் இன்று உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அது எங்க சர்வீஸ் சார்ஜ். ரசீதைப் பாருங்க" என்றார். பார்த்தேன். 12,000 ரூபாய் ரசீதில் பதிவுக் கட்டணம் என்று இருக்கிறது. 50,000 ரூபாய் ரசீதில் ஆலோசனைக் கட்டணம் என்று இருக்கிறது. அடியில் எறும்பு எழுத்தில், திருப்பித் தரப்படாது. இரண்டிலுமே படிப்பின் பெயருக்கு என்று விட்ட கோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அந்த லேமினேட் தாளைக் காட்டுங்கள் என்றேன். மேஜையில் கோப்புக்கு அடியில்தான் கிடந்தது, நானே இழுத்துப் பார்த்தேன். வேறு மாநிலத்தில் இருக்கும் ஏதோ ஒரு கல்லூரிக்கு, பி.எட். நடத்தக் கொடுத்த உத்தரவு. கையால் மறைத்திருந்தது இதைத்தான்.

அதற்கும் அசரவில்லை. "இன்னும் 15,000 கட்டுங்க, எம்.எட்.டா மாத்தித் தர்றேன்" என்றார். நான் சத்தம் போட்டதும், உள்ளே சேர்க்கைக்கு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவும் அவர் கணவரும் திரும்பிப் பார்த்தார்கள். உடனே என்னை வெளியே வரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த அக்கா இதைப் படித்தால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

அங்கே இன்னொரு பொய்யும் சொல்கிறார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வந்தால் முதுகலை முடித்ததும் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறார்கள். அந்தப் பழைய முறையை 2020 மார்ச்சிலேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது. என்னோடு பி.எட். படித்த தோழி கிருஷ்ணகிரி பக்கம் அரசுப் பள்ளியில் இருக்கிறாள், அவளிடமும் இதையே சொல்லியிருக்கிறார்கள். அவள், துறையில் முன்அனுமதி வாங்காமல் எதிலும் சேர முடியாது, நாளைக்குப் பட்டம் உண்மையானதுதான் என்று உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தபாலில், ஆன்லைனில், சனி ஞாயிறில் எம்.எட். என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கல்வியியல் கல்லூரி என்றால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் கல்லூரி அலுவலகத்துக்கே நேரில் போங்கள். மற்ற தொலைதூரப் படிப்பு என்றால் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தளத்தில், அந்த வருடம், அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருப்பது மட்டும் போதாது. பணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலேயே கட்டுங்கள், யாருடைய ஜிபே எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். ஓடிபி சொல்லாதீர்கள். படிப்பின் பெயர் எழுதாத ரசீதை வாங்காதீர்கள்.

பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள், தாமதமானால் பணத்தை நிறுத்தி வைப்பது கஷ்டம். நுகர்வோர் உதவி எண் 1915.

காவல் நிலையத்தில் கொடுத்த என் மனுவுக்கு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற டீச்சர்கள் முதலில் உங்கள் அடையாள அட்டையில் என்ன படிப்பு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எம்.ஏ. என்று இருந்தால் ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், குழுவில் வந்த வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒருத்தி போய் நின்றால் கதவைச் சாத்துகிறார்கள், எல்லோரும் சேர்ந்தே மனு கொடுக்கலாம்.