‘60 நாள் குட்டி, எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்றால் நம்பாதீர்கள்

இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ படம் பார்த்துச் சின்ன இன நாய்க்குட்டி வாங்க நினைப்பவர்கள், முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குக் குட்டி விற்றவர் கணக்கின் பெயரை மாற்றிக்கொண்டு இப்போதும் விற்கிறார். போன வாரம்கூட ‘டீகப் பாம்’ (குட்டி பொமரேனியன்) என்று ஒரு வீடியோ போட்டிருந்தார். டீகப் என்று ஓர் இனத்தை நாய் இனங்களைப் பதிவு செய்யும் எந்தக் கென்னல் கிளப்பும் ஏற்கவில்லை. வழக்கத்தைவிடச் சின்னதாகவோ, வயது போதாமலோ இருக்கும் குட்டிகளுக்கு விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது.

எங்களுக்குச் சொன்னது இது: ஒரிஜினல் ஷிட்சு (தட்டை மூக்குள்ள சின்ன இனம்), 60 நாள், தடுப்பூசி எல்லாம் முடிந்தது, கேசிஐ பேப்பர் (இந்தியக் கென்னல் கிளப் தரும் இனச் சான்று) பின்னால் வரும். விலை 22,000 ரூபாய். தாய் நாயைக் காட்டச் சொன்னபோது, “மதர் வேற ஃபார்ம்ல இருக்குக்கா, குட்டிங்க மட்டும்தான் இங்க இருக்கு” என்றார். பால் குடி மறக்காத குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து விற்கிறார் என்பதை அந்த ஒரு பதிலே சொல்லிவிடுகிறது. யார் இப்படிச் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரிலிருந்து ஆம்னி பஸ்ஸில் இரவு முழுக்க ஓர் அட்டைப்பெட்டியில் வந்தது குட்டி. காலையில் கோவை காந்திபுரத்தில் இறக்கியபோது உடம்பு நடுங்கியது, தலை நிற்கவில்லை. இவ்வளவு சின்ன குட்டிகள் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும். இரவெல்லாம் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், அப்படியே வலிப்பு வந்து செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. ஈறில் கொஞ்சம் குளுக்கோஸ் தடவிவிட்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

அவர் முதலில் பார்த்தது வாயைத்தான். “இது ரெண்டு மாசக் குட்டி இல்லம்மா. அஞ்சு வாரம் இருந்தாலே அதிகம்” என்றார். எட்டு வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28-ம் அநேகமாக முளைத்திருக்கும். எங்கள் குட்டிக்கு முன்பற்களும் கோரைப்பற்களும் மட்டும் தெரிந்தன. பின்பக்க ஈறில் எதுவும் இல்லை. வாங்கும் இடத்தில் நீங்களே உதட்டைத் தூக்கிப் பார்க்கலாம், அரை நிமிட வேலை. வீடியோவில் வாங்குவதாக இருந்தால் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது குட்டியோடு கொடுத்த தடுப்பூசி அட்டை. டிஎச்பிபி (டிஸ்டம்பர், பார்வோ போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) மூன்று தவணையும் ரேபீஸும் போட்டதாக எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. மருந்து பாட்டிலில் இருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் எண் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. அதையெல்லாம் விட்டாலும், அந்த வயதில் அப்படிப் போட்டிருக்கவே முடியாது. முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போட்டுக்கொண்டே போக வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது என்பதால்தான் இத்தனை தவணை. ரேபீஸ் ஊசி பொதுவாக 12 வாரத்துக்குப் பிறகு. ஆக, இரண்டு மாதக் குட்டிக்கு ‘எல்லாம் முடிந்தது’ என்று ஒருவர் சொன்னால், அது பொய் என்று தெரிந்துகொள்ள அட்டையைப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

அன்று இரவே வாந்தி. மறுநாள் காலையில் ரத்தமாகப் போனது. அந்த நாற்றத்தை ஒருமுறை உணர்ந்தவர்களுக்கு மறக்காது. கிட்டில் சோதித்தார்கள், பார்வோ என்ற குடலைத் தாக்கும் வைரஸ். இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குடல் வழியாக வேறு கிருமி ரத்தத்தில் ஏறாமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, குட்டியின் உடம்பே போராடி ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டியதுதான். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும்.

விற்றவருக்குப் போன் செய்தபோது, “உங்க வீட்டுல கண்டதைக் குடுத்திருப்பீங்க, எங்க கிட்ட இருந்தப்ப ஆக்டிவா இருந்துச்சு” என்றார். தொற்று பிடித்ததிலிருந்து அறிகுறி தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் 14 நாள்கூட ஆகலாம். வீட்டுக்கு வந்த அன்றே வாந்தி என்றால் தொற்று எங்கே பிடித்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதை எழுதி அனுப்பியதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

குட்டி பிழைத்துக்கொண்டது. மிளகு என்று பெயர் வைத்தோம். ஆஸ்பத்திரிச் செலவு வாங்கிய விலையைத் தாண்டியது. அது போகட்டும், வளர வளரத்தான் இது ஷிட்சுவே இல்லை என்று தெரிந்தது. மூக்கு நீண்டது, காது நிமிர்ந்தது. ஷிட்சுவும் ஸ்பிட்ஸும் கலந்தது என்கிறார் மருத்துவர். கலப்புக் குட்டிக்கு இனச் சான்று கிடைக்காது என்பதால், பின்னால் வரும் என்று சொன்ன பேப்பர் வரவே முடியாத ஒன்று. இதில் எனக்குப் பணக் கோபம் உண்டே தவிர, மிளகின் மேல் எந்தக் குறையும் இல்லை. ஷிட்சுவைவிடக் கொஞ்சம் நீண்ட மூக்கு இருப்பதால் கோவை வெயிலில் மூச்சு வாங்காமல் நடக்கிறது. கலப்பு நாய் வேண்டும் என்று கேட்டே வாங்கலாம், தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ தத்தெடுக்கலாம். அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்பதுதான் திருட்டு.

அதைவிடப் பெரிய கொடுமை, தாயிடமிருந்து அத்தனை சீக்கிரம் பிரித்தது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கின்றன. மிளகுக்கு அது கிடைக்கவில்லை. விளையாட்டாகக் கடித்தாலும் ரத்தம் வரும். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், ஆள் இல்லாமல் ஐந்து நிமிடம் இருக்காது. அடித்துத் திருத்தவில்லை. கடித்தவுடன் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுவோம். சத்தங்களைத் தூரத்தில் மெதுவாகக் கேட்க வைத்துக் கூடவே தின்பண்டம் கொடுத்தோம். இப்போது கடிப்பது நின்றுவிட்டது, பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் மடியில் ஏறிப் படுத்துக்கொள்வதில் இதுபோலப் பாசமான நாயை நான் பார்த்ததில்லை.

பின்னங்கால் முட்டிச் சில்லு விலகும் தொல்லையும் இருக்கிறது. நடக்கும்போது திடீரென ஒரு காலைத் தூக்கி இரண்டு மூன்று அடி தாவிவிட்டு, மறுபடி சாதாரணமாக நடக்கும். சின்ன நாய்களுக்கு இது அடிக்கடி வருவது, பெற்றோரிடமிருந்தும் வரும். அதனால்தான் தாய் தகப்பன் இரண்டையும் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம், சோபாவிலிருந்து குதிக்க விடுவதில்லை. இந்த அளவு நாய்களுக்கு மூச்சுக்குழாயும் பலவீனம் என்பதால் கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்.

சட்டம் இருக்கிறது. 2017-ல் வந்த நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கவே கூடாது. இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்களுக்கு விற்றவர் அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதிலே சொல்லவில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போட்டிருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, அரட்டையின் ஸ்கிரீன்ஷாட், அந்தப் போலி அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், பிளாக் செய்வதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முதல்முறை மருத்துவரிடம் போகும்போதே, பல்லை வைத்து அவர் கணித்த வயதையும் சோதனை முடிவையும் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதி, கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.